ஸ்வீகாரம் எடுத்தால் திருப்பித் தர முடியாது

(சங்கத்தின் பெங்களூர்க் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் உபன்யாசம் நடக்கும், பாட்டுக் கச்சேரி நடக்கும், மூட்டுவலி டாக்டர் வந்து பேசுவார். காப்பகத்தில் இருக்கும் நாய், பூனைகளைப் பற்றிப் பேச ஒருத்தியைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று காரியதரிசி சொன்னார். “இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் காப்பி ஆறிவிடும்” என்றும் எச்சரித்திருக்கிறார். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போதெல்லாம் ‘பெட் அடாப்ஷன்’ என்ற வார்த்தை எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நம் அகங்களில் அதற்குப் பழைய வார்த்தை ஒன்று உண்டு: ஸ்வீகாரம். பிள்ளை இல்லாத தம்பதிகள் ஒரு குழந்தையை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டால், அன்று முதல் அது அந்த வீட்டுப் பிள்ளை. ‘சரிப்பட்டு வரவில்லை’ என்று திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது: முறைப்படி நடந்த தத்தெடுப்பை எடுத்தவர்கள் ரத்து செய்ய முடியாது. பிராணிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனாலும் ஸ்வீகாரம் என்ற வார்த்தையை எடுத்துக்கொள்கிறவர்கள் அதற்குள் இருக்கும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடந்த ஒன்பது வருஷங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு பிராணிகள் காப்பகத்துக்குப் போய் என்னால் ஆன கைங்கர்யத்தைச் செய்து வருகிறேன். கூண்டுகளை அலம்புவேன், சாதம் கலப்பேன், மருந்து கொடுத்த கணக்கை நோட்டில் எழுதுவேன். தத்து எடுக்க வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசும் வேலையையும் சில வருஷங்களாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் அல்லவா, கேள்வி கேட்கத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

காப்பகம் என்றதும் தெருநாய்களை அடைத்து வைத்திருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று விதமான ஜீவன்கள் தெரியும். வண்டியில் அடிபட்டுக் கால் போனவை ஒரு வகை. தாயை இழந்த குட்டிகள் இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் பார்க்கச் சங்கடமாக இருக்கும். நேற்றுவரை யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் படுத்திருந்தவை அவை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பனிப்பிரதேசத்துக்கான ரோமத்தோடு நம் வெயிலில் மூச்சிரைக்கும் ஹஸ்கி என்று எல்லாமே உண்டு. ஆசைப்பட்டுப் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். வீடு மாறினார்கள், குழந்தை பிறந்தது, டாக்டர் செலவு அதிகமாகிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணத்தால் ராத்திரி நேரத்தில் காப்பகத்து கேட்டில் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

இப்படிக் கைவிடுவது வெறும் மனசாட்சி விஷயம் மட்டும் அல்ல. 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி, பசி தாகத்தால் அவதிப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். இந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் நமக்கெல்லாம் கலாக்ஷேத்ரா மூலம் தெரிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமனமான பிறகு பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பின்னர் அரசாங்கமே சட்டம் இயற்றியது. 1962-இல் மத்திய அரசு அமைத்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அவரை நாட்டியத்துக்காக நினைக்கிறோம். இதற்காகவும் நினைக்க வேண்டும்.

நம் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது என்பதால் இன்னொரு விவரமும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரியம் நம் தேசத்தில் நேற்று முளைத்தது அல்ல. கல்கத்தாவில் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் 1861-இலும், பம்பாயில் 1874-இலும் தொடங்கின. பம்பாய் பரேலில் இருக்கும் பாய் சாகர்பாய் பிராணிகள் ஆஸ்பத்திரியை மாதுங்கா, செம்பூர்க்காரர்கள் பலரும் அறிவார்கள். சென்னையில் விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். டில்லி டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தடியில் இருக்கும் ஃப்ரெண்டிகோஸ் 1979-இலும், ஜெய்ப்பூரின் ‘ஹெல்ப் இன் ஸஃபரிங்’ 1980-இலும் தொடங்கின. இங்கே பெங்களூரில் ‘குபா’ 1991-இலும், ஹைதராபாத் ப்ளூ கிராஸ் 1992-இலும் வந்தன. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், விசாரித்தால் பக்கத்தில் ஒரு காப்பகம் இருக்கும்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2001-இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய விதிகளும், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று சொல்லின. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டில்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கும்படி உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. தத்து எடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் அதே உத்தரவில் இருந்தது. பிறகு நவம்பர் 7-இல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தெருநாய் விஷயத்தில் இந்தச் சபையிலேயே இரண்டு கட்சி உண்டு என்பது எனக்குத் தெரியும். காலையில் வாக்கிங் போகும்போது துரத்தப்பட்ட மாமாக்களும் இங்கே இருக்கிறார்கள், அந்த நாய்களுக்கே பிஸ்கட் போடும் மாமிகளும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே நடத்த நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். காப்பகத்துக்குள் போகும் ஜீவன் வெளியே வருவதற்கு இருக்கும் நல்ல வழி ஒரு வீடுதான். ஒரு வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால், அடிபட்டு வரும் இன்னொன்றுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

சரி, எடுக்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? பத்துப் பேரில் எட்டுப் பேர் உள்ளே நுழைந்ததுமே “குட்டி இருக்கா?” என்பார்கள். குட்டியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல கவனிப்பில் நம் நாட்டு நாய் 12 முதல் 14 வருஷம் வரை இருக்கும். அறுபத்தைந்து வயதில் குட்டி எடுத்தால் அதன் கடைசிக் காலத்தில் உங்களுக்கு எழுபத்தெட்டு. மாடிப்படி ஏறவே யோசிக்கும் வயதில், முப்பது கிலோ நாயைத் தூக்கி வண்டியில் ஏற்றி டாக்டரிடம் போக வேண்டிவரும்.

குட்டி என்றால் ஒரு நாளைக்கு நாலு வேளை ஆகாரம், ராத்திரி அழுகை, கண்ட இடத்தில் ஈரம், கடித்த செருப்பு. போதாக்குறைக்கு, அது வளர்ந்தபின் எப்படிப்பட்ட சுபாவமாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து, ஆறு வயது நாய் என்றால் எல்லாம் தெரிந்த விஷயம். எது சாது, எது குழந்தைகளோடு ஒத்துப்போகும், எது பட்டாசுக்கு நடுங்கும், எதற்குப் பூனையைக் கண்டால் ஆகாது என்பதைக் காப்பகத்துப் பணியாளர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு வளர்ந்த நாய்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். குட்டிகள் எப்படியும் வீடு சேர்ந்துவிடும். வளர்ந்ததை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் கறுப்பியை அழைத்து வந்தபோது அவளுக்குச் சுமார் ஐந்து வயது. ஒரு காது நுனி கொஞ்சம் வெட்டியிருக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகச் செய்வது அது. பார்த்தவுடன் அள்ளிக் கொஞ்சத் தோன்றும் முகம் இல்லை. ஆனால் கூண்டைத் திறந்தால் முண்டியடிக்காமல் ஓரமாக நிற்பாள். அந்த சுபாவத்தைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

இனி, நம் அகங்களில் எழும் கேள்விகள். முதல் கேள்வி மடி, ஆசாரம். என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது. இன்றும் மடியாகத்தான் சமையல் உள்ளுக்குப் போவார். “அகத்துக்குள்ள நாயா? ஸ்வாமி உள் இருக்கே” என்றார். அவர் கேட்டது நியாயம். அவர் பழக்கத்தைக் கெடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. சமையல் உள், பூஜை உள் இரண்டின் வாசற்படியையும் கறுப்பி தாண்டக் கூடாது என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை, ஒரே குரல், நின்றால் ஒரு துண்டு காரட். மூன்று வாரத்தில் படிந்துவிட்டது. இன்று கதவு திறந்தே கிடந்தாலும் படிக்கு வெளியே முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு உள்ளே பார்ப்பாளே தவிர, தாண்ட மாட்டாள். மாமியார் அவளைத் தொட்டது கிடையாது, இனியும் தொடப் போவதில்லை. ஆனால் தினமும் பகல் சாப்பாட்டுக்கு உட்காருமுன், “அதுக்குப் போட்டாச்சோ?” என்று கேட்காமல் இலையில் கை வைப்பதில்லை. பூத யக்ஞம் என்று நம் பெரியவர்கள் நித்திய கர்மாக்களில் ஒன்றாக வைத்தார்களே, அது வேறு என்ன?

இரண்டாவது கேள்வி சாப்பாடு. “நம்மாத்துல மாமிசம் சமைக்க முடியாதே” என்பார்கள். இதில் நாய் வேறு, பூனை வேறு என்பதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாய் பலவகை ஆகாரத்தையும் ஜீரணிக்கக் கூடியது. வளர்ந்த நாயைச் சைவ உணவில் ஆரோக்கியமாக வைத்திருக்க முடியும். ஆனால் வெறும் தயிர்சாதம் போதாது. புரதம் வேண்டும். எங்கள் வீட்டில் சாதத்தோடு குழைய வெந்த பருப்பு, பூசணி, காரட், பீன்ஸ், பனீர், இவற்றோடு டாக்டர் சொன்ன சத்து மருந்து. கடையில் சைவ நாய் உணவும் கிடைக்கிறது. எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் சுமார் 2,500 ரூபாய் ஆகிறது.

நம் சமையலில் நாய்க்கு ஆகாத சில பொருள்கள் உண்டு. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே வெங்காய சாம்பார் சாதம் மிஞ்சிவிட்டது என்று வைக்காதீர்கள். திராட்சை, உலர்ந்த திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஆகவே பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் வேண்டாம். சாக்லேட் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வைத்திருக்கும் சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் ஸைலிடால் என்ற இனிப்பு சேர்ப்பார்கள். நாய்க்கு அது விஷம். மேஜை மேல் வைக்காதீர்கள்.

பூனை விஷயம் வேறு. மாமிசம் இல்லாமல் பூனையின் உடம்பு இயங்காது. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இருதயம் பலவீனமாகும். “எங்க பாட்டி பாலும் சாதமும் போட்டே பூனை வளர்த்தாளே” என்பீர்கள். பாட்டி போட்டது பால் சாதம்தான். பூனை கொல்லைப்புறத்தில் எலியும் பல்லியும் பிடித்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. ஐந்தாவது மாடி ஃப்ளாட்டில் அதற்கு வழி இல்லை. ஆகவே, பாக்கெட்டில் வரும் பூனை உணவைக்கூட வீட்டுக்குள் அனுமதிக்க மனம் ஒப்பாதவர்கள் தயவுசெய்து பூனையைத் தத்து எடுக்க வேண்டாம். நம் விரதத்தை வேறொரு ஜீவன் தலையில் சுமத்தக் கூடாது.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான்தான் கேட்கிறேன்: “ஆறு மாசம் அமெரிக்கா போனால் யார் பார்த்துப்பா?”

இந்தச் சபையில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில். பிரசவம் என்றால் போக வேண்டும், பேரனைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும். தப்பே இல்லை. ஆனால் மணியின் கதையைக் கேளுங்கள். பழுப்பு நிறத்தில், வாட்டசாட்டமான நாட்டு நாய். வயதான தம்பதிகள் ஆசையாக எடுத்துப்போனார்கள். நல்ல மனிதர்கள். இரண்டு வருஷம் உள்ளங்கையில் வைத்துத்தான் தாங்கினார்கள். பிறகு பிள்ளை இனி அங்கேயே வந்து இருங்கள் என்றான். டிக்கெட் வாங்கினார்கள், வீட்டைக் காலி செய்தார்கள், கடைசி வாரத்தில் மணியை அழைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். அவனுடைய தட்டு, கம்பளி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மாமி அழுதார். மாமா கார் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மணி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் கொஞ்சம் சாப்பிட்டான். கேட்டைப் பார்த்தபடி படுப்பது மட்டும் மாறவில்லை. வெள்ளைக் கார் எது வந்தாலும் எழுந்து நிற்பான். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். முதல் தடவை காப்பகத்துக்கு வந்தபோது அவனுக்குக் காயம்தான் இருந்தது. இரண்டாவது தடவை வந்தபோது என்ன இருந்தது என்று எழுத மருந்துச் சீட்டில் இடம் இல்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

அந்தத் தம்பதிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துப்போகும் நாளிலேயே கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். வேறொரு தம்பதிகள் எங்களிடம் வந்தபோது, பக்கத்து ஃப்ளாட் பெண்ணையும் கூடவே அழைத்து வந்தார்கள். “நாங்க இல்லாதப்போ இவதான் பார்த்துப்பா, இவளுக்கும் பிடிச்ச நாயா இருக்கணும்” என்றார்கள். அந்த நாய்க்கு இன்று இரண்டு வீடு. எங்கள் அகத்தில், பெண்ணின் பிரசவத்துக்கு மூன்று மாதம் நான் போனேன், அடுத்த மூன்று மாதம் அவர் போனார். மாமியாரையும் கறுப்பியையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். காப்பகத்து விண்ணப்பத்தில், எங்களுக்குப் பிறகு அவளை ஏற்றுக்கொள்ள என் தம்பி பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

தர்மபுத்திரர் சொர்க்கத்து வாசலில் நாயை விட்டு வர மறுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். அங்கே இந்திரன் சொல்லும் ஆட்சேபம், நாயோடு வருபவனுக்குச் சொர்க்கத்தில் இடம் இல்லை என்பது. தர்மபுத்திரர் நாய் சுத்தமா அசுத்தமா என்று வாதாடவே இல்லை. நம்பி வந்த ஒன்றைக் கைவிடுவது பாபம் என்று மட்டும் சொல்கிறார். ஆசாரம் பற்றிய கேள்விக்கு வேறு வேறு வீட்டில் வேறு வேறு பதில் இருக்கலாம். கைவிடலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்.

தீர்மானித்துவிட்டவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பல காப்பகங்களில் அடையாள அட்டை, விலாச அத்தாட்சி கேட்பார்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். வீட்டை நேரில் பார்க்கவும் வருவார்கள். பெண் பார்க்க வருகிற மாதிரி விசாரிக்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். மணிகள் உண்டாகக் கூடாது என்றுதான் விசாரிக்கிறார்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும். மாநகராட்சியில் உரிமம் வாங்க வேண்டிய ஊர்களில் அதையும் வாங்கிவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சகஜம், ஆகவே தினமும் காது, கால் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள்.

அழைத்து வந்ததும் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். முதல் மூன்று நாள் அதற்குப் பயம். மூலையில் ஒடுங்கும், சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டு நேரங்கள் புரியும். மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று தோன்றும். முதல் வாரத்திலேயே உறவினரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். தீபாவளியை ஒட்டி அழைத்து வராதீர்கள்.

ஃப்ளாட்டில் இருப்பவர்கள், “சொசைட்டியில் விடமாட்டார்கள்” என்பார்கள். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. அதே சமயம், பொது இடத்தில் கயிற்றோடு அழைத்துப் போவதும், அசுத்தம் செய்தால் நாமே எடுத்துச் சுத்தம் செய்வதும் நம் கடமை. லிஃப்டில் பயப்படுகிற ஒருவர் இருந்தால் அடுத்த தடவை போகலாம். சட்டத்தைக் காட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

மாற்றல் உத்தியோகக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலில் ஏ.ஸி. முதல் வகுப்பில் ஒரு கூப்பே அல்லது கேபின் முழுவதையும் நம் பெயரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் நாய்ப் பெட்டி உண்டு. மற்ற ஏ.ஸி. வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. மாற்றல் வந்துவிட்டது என்பது கைவிடக் காரணம் ஆகாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

கடைசியாக, எடுக்க முடியாதவர்களுக்கு. உடம்பு முடியவில்லை, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, பாதி வருஷம் வெளிநாடு என்றால் எடுக்காதீர்கள். எடுக்காமல் இருப்பதும் ஒரு நல்ல காரியமே. அதற்காகக் காப்பகத்தை மறந்துவிட வேண்டாம். பழைய செய்தித்தாள் கொடுங்கள், கூண்டுக்குள் விரிக்க உதவும். நைந்துபோன ஒன்பது கஜம், பழைய வேஷ்டி, போர்வை கொடுங்கள். பருத்தி என்பதால் குட்டிகளுக்கு அதைவிட நல்ல படுக்கை இல்லை. பேரன் பிறந்த நாளில் ஒரு வேளை ஆகாரச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சில காப்பகங்களில், ஆபரேஷன் ஆன நாயை இரண்டு வாரம் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் கொடுப்பார்கள். ஒன்றும் முடியாவிட்டால் சனிக்கிழமை என்னோடு ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள். மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்று இருக்கிற ஜீவன்கள் அங்கே நிறைய உண்டு.

எடுக்கப் போகிறவர்கள், போவதற்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் மூன்று பெயர்களை எழுதுங்கள். தினமும் பார்த்துக்கொள்பவர் யார், அவர் ஊரில் இல்லாதபோது யார், அவருக்குப் பிறகு யார். மூன்று பெயரும் எழுத முடிந்தால், சம்பந்தப்பட்டவர்களும் தலையாட்டினால், மறுநாள் தாராளமாகப் போங்கள். போய், வளர்ந்த நாய் இருக்கா என்று கேளுங்கள்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.  காப்பி சூடாக இருக்கும்போதே சாப்பிடலாம். கேள்விகள் இருந்தால் அங்கே கேளுங்கள்.